சஸ்பென்ஷன் பார்ட்ஸ்: கம்பெனி பெட்டியா, வெளி பெட்டியா?

கேள்வி இதுதான். கார் வாங்கி எட்டு வருடம் ஆகிவிட்டது, ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. மேடு பள்ளத்தில் முன்பக்கம் ‘டக் டக்’ என்று சத்தம். பிரேக் அழுத்தினால் ஸ்டீயரிங் லேசாக நடுங்குகிறது. சர்வீஸ் சென்டரில் லோயர் ஆர்ம் (வீலை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை), ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்), டாப் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் தலையை வண்டியோடு பிடிக்கும் ரப்பர் தாங்கி), லிங்க் ராட் (திருப்பத்தில் சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரோடு சேரும் சின்னக் கம்பி) எல்லாவற்றையும் கம்பெனி பார்ட்ஸாகவே மாற்றவேண்டும் என்று பெரிய பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். வெளியில் அதே வேலையைப் பாதிச் செலவில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

முழுப் பட்டியலுக்கும் சேர்த்து ஒரே பதில் கிடையாது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பார்ட்டையும் தனித்தனியாக எடுத்து இரண்டு விஷயம் கேட்டுப் பாருங்கள். வண்டி ஓடும்போது இது உடைந்தால் என்ன ஆகும்? ஆறு மாதத்தில் இது போய்விட்டால் மறுபடி கழற்றி மாட்ட எவ்வளவு வேலை? இரண்டுக்கும் பதில் கலவரமாக இருந்தால் கம்பெனி பெட்டிக்கோ, அந்தப் பார்ட்டை நிஜமாகத் தயாரித்த சப்ளையரின் பெட்டிக்கோ போங்கள். இரண்டுக்கும் பதில் ‘பெரிதாக ஒன்றுமில்லை’ என்றால் நல்ல பெயருள்ள ஆஃப்டர்மார்க்கெட், அதாவது வெளி நிறுவனம் தன் பெயரில் விற்கும் பார்ட், போதும். பெயரே தெரியாத மலிவுப் பெட்டியை மட்டும் சஸ்பென்ஷனில் எந்த இடத்துக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

முதலில் ‘கம்பெனி பார்ட்’ என்றால் என்ன என்பது தெளிவாக வேண்டும். கார் கம்பெனிகள் ஷாக் அப்சார்பரையோ பால் ஜாயிண்டையோ பெரும்பாலும் தாங்களே தயாரிப்பதில்லை. கேஒய்பி, சாக்ஸ், பில்ஸ்டீன், மன்ரோ, மாண்டோ மாதிரி ஆட்கள் டேம்பர்களை (ஷாக் அப்சார்பர்களை) செய்து கொடுக்கிறார்கள். லெம்ஃபோர்டர், டிஆர்டபிள்யூ, சிடிஆர் போன்றவர்கள் ஆர்ம், பால் ஜாயிண்ட், ஸ்டீயரிங்கை வீலோடு இணைக்கும் டை ராட் செய்கிறார்கள். இதில் சாக்ஸ், லெம்ஃபோர்டர், டிஆர்டபிள்யூ மூன்றுமே இன்று இசட்எஃப் என்ற ஒரே ஜெர்மன் குழுமத்தின் பெயர்கள். கார் கம்பெனி வரைபடமும் அளவுகோலும் கொடுக்கிறது, இவர்கள் தயாரிக்கிறார்கள், கார் கம்பெனி சோதித்துத் தன் பெட்டியில் போட்டு விற்கிறது. அதே சப்ளையர் அதே பொருளைத் தன் சொந்தப் பெட்டியிலும் விற்பதுண்டு. லெம்ஃபோர்டர் பெட்டியில் வரும் சில ஆர்ம்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், வார்ப்பில் கார் கம்பெனியின் முத்திரை இருந்த இடம் மட்டும் கிரைண்டர் வைத்துத் தேய்க்கப்பட்டிருப்பது தெரியும். அந்தத் தேய்ந்த இடத்துக்காகத்தான் கம்பெனி பெட்டியில் கூடுதல் விலை கொடுக்கிறோம். இப்படிப்பட்ட பார்ட் உங்கள் வண்டிக்குக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

ஆனால் இதை வைத்து ‘ஒரே தயாரிப்பாளர் என்றால் ஒரே பார்ட்’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். கார் கம்பெனி ஒரே மாடலுக்குப் பெட்ரோல், டீசல், ஆட்டோமேட்டிக், பெரிய வீல் உள்ள டாப் வேரியண்ட் என்று நான்கைந்து ஸ்ட்ரட் நம்பர் வைத்திருக்கும். உள்ளே இருக்கும் வால்வு அமைப்பு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வேறு. ஆஃப்டர்மார்க்கெட்டில் அத்தனையையும் ஸ்டாக் வைத்து விற்கக் கட்டுப்படியாகாது. அதனால் அதே சப்ளையர் தன் கேட்லாக்கில் இவற்றை ஒன்றாகச் சேர்த்து, எல்லாவற்றுக்கும் ஓரளவு ஒத்துப்போகிற ஒரே நம்பரைக் கொடுப்பார். பாதுகாப்பில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் வண்டி புதிதாக இருந்தபோது ஓடிய அதே மாதிரி ஓடுமா என்றால், ஓடாமலும் போகலாம். கேட்லாக்கில் உங்கள் நம்பருக்கு நேராக எத்தனை கம்பெனி நம்பர்கள் இணைத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே இது புரிந்துவிடும். பெயரை மட்டும் பார்த்து வாங்குவதும் ஆபத்து. ஷாக் அப்சார்பருக்குப் பெயர்போன பில்ஸ்டீன் வேறு, பலவகை உதிரிபாகங்கள் விற்கும் ஃபெபி பில்ஸ்டீன் வேறு. இரண்டும் தனித்தனி நிறுவனங்கள்.

கம்பெனி பெட்டிக்கு இன்னொரு சாதகம் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. ஒரு பார்ட் சீக்கிரமே போகிறது என்று புகார் குவிந்தால் கார் கம்பெனி டிசைனைத் திருத்திப் புது நம்பர் கொடுக்கும். பழைய நம்பரைக் கேட்டால் கவுண்டரில் ‘இது மாறிவிட்டது, இப்போது இந்த நம்பர்’ என்பார்கள். பழைய டிசைனைப் பார்த்துக் காப்பியடித்த வெளி பார்ட் அந்தத் திருத்தத்தைப் பார்க்காமலே போயிருக்கலாம். இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். கார் கம்பெனி கண்டுகொள்ளாமல் விட்ட பலவீனத்தை வெளி ஆட்கள் சரிசெய்து விற்பார்கள். மெய்லே நிறுவனத்தின் எச்டி வரிசை அப்படி உருவானதுதான். ஆக, வெளியில் வாங்கினாலே தரம் ஒரு படி கீழே என்று நினைக்கவேண்டியதில்லை.

சரி, பார்ட்டுகளுக்கு வருவோம்.

பால் ஜாயிண்டில் எந்தச் சமரசமும் வேண்டாம். லோயர் ஆர்மின் நுனியில், வீலைத் தாங்கும் நக்கிளோடு ஆர்மை இணைப்பது ஒரு கிண்ணத்துக்குள் சுழலும் இரும்பு உருண்டை. அது கிண்ணத்தை விட்டுக் கழன்றால் வீலின் அடிப்பக்கம் வெளியே பிடுங்கிக்கொண்டு போகும், ஸ்டீயரிங் கையில் இருந்தும் பயனில்லை. ஒரு பக்கம் தரையில் உட்கார்ந்துவிடும், டிரைவ் ஷாஃப்ட், பிரேக் ஹோஸ் எல்லாம் கூடவே இழுபடும். உள்ளே இருக்கும் உருண்டை எவ்வளவு வழவழப்பாகத் தேய்க்கப்பட்டிருக்கிறது, அது உட்காரும் பிளாஸ்டிக் லைனர் என்ன தரம், மேலே மூடிய ரப்பர் பூட் எத்தனை நாள் விரிசல் விடாமல் இருக்கும் என்பதையெல்லாம் கவுண்டரில் நின்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. மலிவு பார்ட்டும் முதல் நாள் இறுக்கமாகவே இருக்கும். அதனால்தான் இந்த ஒரு இடத்தில் தயாரிப்பாளர் யார் என்பதை மட்டும் பாருங்கள் என்கிறேன். டை ராட் எண்டுக்கும் இதே நியாயம்தான். கண்ணால் பார்த்து எடைபோட முடிவது பூட் ஒன்றைத்தான். நல்ல பூட்டை விரலால் அமுக்கினால் மென்மையாக உள்வாங்கித் திரும்பும், இரண்டு முனையிலும் ஒழுங்கான கிளிப் வளையம் இருக்கும். மலிவானதில் பூட் விறைப்பாக இருக்கும், கிளிப் தளர்ந்து சுற்றும். பூட் கிழிந்தால் தண்ணீரும் மணலும் உள்ளே போய் எவ்வளவு நல்ல உருண்டையையும் தின்றுவிடும். கிரீஸ் நிப்பிள் வைத்த ஆஃப்டர்மார்க்கெட் ஜாயிண்டுகளும் கிடைக்கின்றன. ஒவ்வொரு சர்வீஸிலும் மறக்காமல் கிரீஸ் அடிக்க ஆள் இருந்தால் அவை நல்லது. இல்லையென்றால் மூடி சீல் செய்த வகையே மேல்.

அடுத்தது புஷ், ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்தில் உட்கார்ந்து அதிர்வை வாங்கும் துண்டு. சஸ்பென்ஷன் பார்ட்ஸிலேயே கம்பெனிக்கும் வெளிக்கும் வித்தியாசம் அதிகமாகத் தெரிவது இந்த ரப்பர் துண்டில்தான். பார்த்தால் ஒரு இரும்புக் குழாய், அதைச் சுற்றி ரப்பர், வெளியே இன்னொரு இரும்பு வளையம். ஆனால் கார் கம்பெனியின் இன்ஜினியர்கள் அதிக நேரம் செலவழித்து டியூன் செய்யும் பொருள்களில் இதுவும் ஒன்று. முன்னும் பின்னும் இவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும், பக்கவாட்டில் இவ்வளவுதான் அசைய வேண்டும் என்று திசைக்குத் திசை வேறு கணக்கு இருக்கும். அதற்காகத்தான் பல புஷ்களில் ரப்பருக்கு நடுவே பிறை வடிவத்தில் வெற்றிடம் விட்டிருப்பார்கள். அந்தப் பிறை எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்பதற்குப் புஷ்ஷிலோ ஆர்மிலோ குறி இருக்கும். பிரஸ்ஸில் வைத்து அழுத்தும்போது அதைக் கவனிக்காமல் திருப்பிப் போட்டுவிட்டால், எவ்வளவு உயர்ந்த பார்ட்டானாலும் வண்டி ஒருபக்கம் அலையும், ரப்பரும் சீக்கிரம் கிழியும்.

லோயர் ஆர்மின் பின்பக்கப் பெரிய புஷ் சில கார்களில் ஹைட்ராலிக் வகை. உள்ளே திரவம் இருக்கும், ரப்பர் அறைகளுக்கிடையே அது நகர்ந்து அதிர்வை விழுங்கும். இது கிழிந்தால் ஆர்மைச் சுற்றி எண்ணெய் மாதிரி ஈரம் தெரியும், பிரேக் போடும்போது ஸ்டீயரிங் ஆடும். மலிவான மாற்று ஆர்மில் இந்த இடத்தில் சாதாரண ரப்பரைத் திணித்து, பெட்டியில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் விற்பார்கள். மாட்டிவிட்டு ஓட்டினால் ‘புது ஆர்ம் போட்டும் அதிர்வு போகவில்லையே’ என்று மறுபடி மெக்கானிக்கிடம் போய் நிற்போம். இதே மாற்றத்தை வெளிப்படையாகச் சொல்லியே செய்கிறவர்களும் உண்டு. மேலே சொன்ன மெய்லே எச்டி வரிசையில் சில ஆர்ம்களுக்குத் திரவப் புஷ்ஷுக்குப் பதிலாகக் கெட்டி ரப்பர் வைக்கிறார்கள், ஆயுள் கூடும் என்பதற்காக. கரடுமுரடான ரோட்டிலேயே தினமும் ஓட்டுகிறவருக்கு அது நல்ல தேர்வு. அமைதியான, மெத்தென்ற ஓட்டம் வேண்டும் என்கிறவர் கம்பெனி வகையிலேயே இருப்பது நல்லது.

பாலியூரித்தேன் புஷ் பற்றியும் பலர் கேட்கிறார்கள். கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவில் சாதாரண ரப்பர் புஷ் பெரும்பாலும் 50 முதல் 70க்குள் இருக்கும், பாலியூரித்தேன் 80, 90 என்று போகும். ஸ்டீயரிங் கூர்மையாகும், திருப்பத்தில் வண்டி உடனுக்குடன் கேட்கும். ஆனால் ரோட்டின் ஒவ்வொரு கல்லும் உட்காரும் சீட்டுக்கு வரும். அப்புறம், ஒட்டிய ரப்பர் மாதிரி இது முறுக்கிக்கொள்ளாது, குழாயின் மேல் வழுக்கிச் சுழல வேண்டும். அதற்கான சிலிகான் கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். பின்பக்க ஆக்ஸில் ஆர்ம் மாதிரி ஒரே நேரத்தில் பல திசைகளில் வளைய வேண்டிய இடத்தில் இதைப் போட்டால் சஸ்பென்ஷன் இறுகிப்போய் முரண்டு பிடிக்கும். ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் ‘டி’ புஷ்ஷுக்கு இதைப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தினசரி ஓட்டும் குடும்பக் காரில் மற்ற இடங்களுக்கு வேண்டாம்.

ஸ்ட்ரட், ஷாக் அப்சார்பர் விஷயத்தில் நிலைமை கொஞ்சம் நிம்மதி. இங்கே நல்ல ஆஃப்டர்மார்க்கெட் நிறைய இருக்கிறது, பல நேரம் கம்பெனி பெட்டியை விட அதுவே புத்திசாலித்தனமான தேர்வு. பார்க்க வேண்டியது எந்த வரிசை என்பதை. ஒரே பிராண்டிலேயே இரண்டு மூன்று வரிசை இருக்கும், குணம் வேறு வேறு. கேஒய்பியில் எக்செல்-ஜி என்பது குழாய்க்குள் குழாய் வைத்த இரட்டைக் குழாய் வகை, கம்பெனி ஸ்ட்ரட்டுக்குப் பக்கத்தில் வரும். அதே கேஒய்பியின் கேஸ்-எ-ஜஸ்ட் ஒற்றைக் குழாய் வகை, தெளிவாகவே கெட்டி. பில்ஸ்டீனில் பி4 என்பது கம்பெனிக்கு நிகரான மாற்று, பி6 அதே உயர ஸ்பிரிங்குக்கான கெட்டி வகை, பி8 வண்டியைத் தாழ்த்திய சின்ன ஸ்பிரிங்குக்கானது. ‘பில்ஸ்டீன் போட்டேன், முதுகு வலிக்கிறது’ என்பவர் பெரும்பாலும் பி4 கேட்க வேண்டிய இடத்தில் பி6 வாங்கியவராக இருப்பார். இரட்டைக் குழாயில் நைட்ரஜன் அழுத்தம் சில ‘பார்’ (அழுத்தத்தின் அலகு) அளவுதான். ஒற்றைக் குழாயில் அது 20 பாருக்கும் மேல். அதனால் ஒற்றைக் குழாய் சூட்டில் எளிதில் சோர்ந்துபோகாது, ஆனால் அந்த அழுத்தமே ராடைத் தள்ளுவதால் வண்டியின் உயரம்கூட ஒரு துளி ஏறலாம்.

ஸ்ட்ரட் நிஜமாகவே போய்விட்டதா என்பதையும் பாருங்கள். ஸ்ட்ரட் குழாயின் மேல்பகுதியில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு மாதிரி ஈரம் தெரிந்தால் அது சாதாரணம். ராட் மேலும் கீழும் போகும்போது சீல் வழியாகக் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கீழே வரை எண்ணெய் வழிந்து மண் அப்பியிருந்தால் அந்த ஸ்ட்ரட்டின் கதை முடிந்தது. பானெட்டை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்ப்பது முழுக்கச் செத்த ஸ்ட்ரட்டை மட்டுமே காட்டிக்கொடுக்கும், பாதி தேய்ந்ததைக் காட்டாது. டயரைக் கையால் தடவிப் பாருங்கள். சுற்றிலும் அங்கங்கே குழி விழுந்து அலை அலையாகத் தேய்ந்திருந்தால் வீல் தரையில் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது என்று அர்த்தம். மாற்றும்போது ஒரு ஆக்ஸிலில் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றவேண்டும், ஒரே தயாரிப்பு, ஒரே வரிசை. எண்ணெய் மாற்றி ‘ரீகண்டிஷன்’ செய்த ஸ்ட்ரட்டைச் சாதாரணக் காருக்கு எடுக்காதீர்கள். அவை பெரும்பாலும் பிரிக்கவே வடிவமைக்கப்படாத, முனை மடித்து மூடிய குழாய்கள்.

ஸ்பிரிங், மவுண்ட் எல்லாம் சேர்த்து முழுசாக அசெம்பிள் செய்த ஸ்ட்ரட்டும் கிடைக்கிறது. மாட்டுவது சுலபம், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஸர் வேலை மிச்சம், அதனால் ஆபத்தும் குறைவு. ஆனால் பல வேரியண்டுக்கும் பொதுவாக ஒரே ஸ்பிரிங்கைப் போட்டிருப்பார்கள், அதனால் மாட்டியபின் முன்பக்கம் தூக்கிக்கொண்டோ தாழ்ந்தோ நிற்க வாய்ப்புண்டு. உங்கள் ஸ்பிரிங் உடையாமல், தாழாமல் இருந்தால் அதையே புது ஸ்ட்ரட்டில் மாற்றிப் போடுவது மேல். ஸ்பிரிங் மாற்றியே ஆகவேண்டும் என்றால் சேஸிஸ் நம்பரைக் கொடுத்துக் கம்பெனி நம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். சுருளில் இருக்கும் பெயிண்ட் புள்ளிகளின் நிறம்கூட எடைப்பிரிவைச் சொல்வதற்குத்தான். லெஸ்ஜோஃபோர்ஸ் மாதிரி ஸ்பிரிங்கே தொழிலாக வைத்திருப்பவர்களின் வெளி பெட்டி நம்பகமானது.

டாப் மவுண்ட் சின்னப் பொருள், விலையும் குறைவு. ஆனால் அதை மாற்ற ஸ்ட்ரட்டை முழுசாக இறக்க வேண்டும். அதனால் ஸ்ட்ரட் மாற்றும்போதே மவுண்ட், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப் (ஸ்ட்ரட் முழுசாக அமுங்கும்போது இடி வாங்கும் ரப்பர்), தூசி புகாமல் ராடை மூடும் டஸ்ட் பூட் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். மவுண்டில் மட்டும் கம்பெனி அல்லது அசல் சப்ளையர் என்று பிடிவாதமாக இருங்கள். மலிவு மவுண்டின் ரப்பர் சில மாதங்களில் உட்கார்ந்துவிடும், ஸ்டீயரிங் திருப்பும்போது ஸ்பிரிங் ‘டொய்ங்’ என்று சுண்டும். லிங்க் ராடுக்கு அவ்வளவு யோசனை தேவையில்லை. அது போனால் சத்தம் வரும், திருப்பத்தில் கொஞ்சம் அதிகம் சாயும், அவ்வளவுதான். மாற்றுவதும் இரண்டு நட்டு வேலை. நல்ல ஆஃப்டர்மார்க்கெட் தாராளமாகப் போடலாம்.

மின்னணுக் கட்டுப்பாட்டில் கெட்டியும் மென்மையும் மாறும் டேம்பர், ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி என்றால் மேலே சொன்ன சுதந்திரம் பெரும்பாலும் கிடையாது. அங்கே கம்பெனி பார்ட், அல்லது அதே சப்ளையரிடமிருந்து வரும் புதுப்பித்த பார்ட். சாதாரண ஷாக்கைப் போட்டால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும், வண்டியின் மற்ற கட்டுப்பாடுகளும் குழம்பலாம்.

கம்பெனி பெட்டி என்று சொல்லிப் போலியை விற்பவர்கள் மலிந்துவிட்டார்கள், இது நிஜமாகவே கோபம் வரவேண்டிய விஷயம். ஏனென்றால் பணம் கொடுத்துப் பாதுகாப்பு வாங்குவதாக நினைப்பவரைத்தான் இது ஏமாற்றுகிறது. சந்தை விலையை விடப் பாதிக்கும் கீழே ‘ஒரிஜினல்’ கிடைத்தால் அது ஒரிஜினலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. லேபிளில் உள்ள நம்பர் பார்ட்டின் மேல் பொறித்த நம்பரோடு பொருந்துகிறதா, அச்சு மங்கலாக இருக்கிறதா, ஸ்கேன் செய்யும் குறியீடு தயாரிப்பாளரின் தளத்துக்குத்தான் போகிறதா என்று பாருங்கள். இதைவிட நம்பகமான வழி, பழைய பார்ட்டையும் புதியதையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. ஆர்மின் தகட்டுத் தடிமன், வெல்டிங் ஓடிய விதம், பால் ஜாயிண்டின் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டின் (ஸ்டட்) கூம்பு, ஸ்ட்ரட்டில் பிரேக் ஹோஸ் கிளிப்பும் ஏபிஎஸ் ஒயர் பிடிக்கும் கொக்கியும் லிங்க் ராட் மாட்டும் காதும் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று வரிசையாகப் பாருங்கள். தூக்கிப் பார்த்தாலே எடை வித்தியாசம் கைக்குத் தெரியும். கம்பெனி பார்ட்டிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உற்பத்தி நின்றுபோன பழைய மாடலுக்கு, வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த புஷ் வரும். ரப்பர் பெட்டிக்குள் இருந்தாலும் கிழமாகும். வளைத்துப் பார்த்தால் மேற்பரப்பில் மயிரிழை விரிசல் தெரிந்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள். அந்த மாதிரி வண்டிக்கு நேற்று தயாரான ஆஃப்டர்மார்க்கெட்தான் சரி.

இவ்வளவு பார்த்து வாங்கிய பார்ட் மாட்டும் இடத்தில் செத்துப்போவதும் உண்டு. அது பார்ட்டின் தலையில்தான் பழியாக விழும். ‘வெளி பார்ட் போட்டேன், ஆறே மாதத்தில் புஷ் கிழிந்துவிட்டது’ என்ற புகாரை ஆராய்ந்தால் பல நேரம் போல்ட் இறுக்கிய முறைதான் காரணமாக இருக்கும். ரப்பர் புஷ்ஷின் உள்குழாய் போல்ட்டோடு இறுகி நின்றுவிடும், ஆர்ம் ஆடும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொள்ள வேண்டும். வண்டியை ரேம்ப்பில் தூக்கி, வீல் தொங்கும் நிலையில் போல்ட்டை முழுசாக இறுக்கினால் அந்தத் தொங்கும் நிலையே ரப்பருக்கு இயல்பு நிலையாகிவிடும். வண்டியைத் தரையில் இறக்கியதுமே ரப்பர் முறுக்கிய நிலையில் நிற்கும், நிறுத்தி வைத்திருக்கும்போதும் முறுக்கியே இருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் அதற்கு மேல் இன்னும் முறுகும். கிழியாமல் என்ன செய்யும்? போல்ட்டைக் கையால் மட்டும் மாட்டிவிட்டு, வண்டியின் எடை வீலில் இறங்கியபின், அல்லது ஜாக்கியால் ஆர்மை ஓடும் உயரத்துக்குத் தூக்கியபின், குறித்த அளவு இறுக்கத்தைக் காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். இதை உங்கள் மெக்கானிக்கிடம் முன்கூட்டியே மரியாதையாகக் கேளுங்கள். தெரிந்தவர் ‘ஆமாம், அப்படித்தான் செய்வேன்’ என்பார்.

ஸ்ட்ரட்டிலும் இப்படி ஒன்று உண்டு. மேல் நட்டை இறுக்கும்போது ராட் கூடவே சுழலும். அதைப் பிடிக்க பளபளக்கும் குரோம் ராடில் பிளையரைப் போட்டுக் கடிப்பார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பல்தடம் விழும். அந்த இடம் சீலுக்குள் போய் வரும்போதெல்லாம் சீலின் உதட்டை அறுக்கும், சில வாரத்தில் எண்ணெய் வழியும். ராடின் மேல்முனையில் இதற்கென்றே அறுகோணக் (ஹெக்ஸ்) குழியோ தட்டை முகமோ இருக்கிறது, அதில்தான் பிடிக்கவேண்டும். இரட்டைக் குழாய் ஸ்ட்ரட் படுக்கவைத்தே வந்திருக்கும் என்பதால், மாட்டுமுன் நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழுசாக அமுக்கி இழுத்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். தானாக இறுகும் நட்டுகளையும் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தச் சொல்லியிருக்கும் போல்ட்டுகளையும் புதிதாகப் போடுங்கள். இவற்றைக் கம்பெனியிலேயே வாங்குங்கள், சல்லி விஷயம்.

இனி உங்கள் வண்டி. பட்டியலை ஏற்பதற்கு முன் எது போயிருக்கிறது என்று உறுதி செய்யச் சொல்லுங்கள். சின்ன மேடுகளில் ‘டக் டக்’ என்றால் முதல் சந்தேகம் லிங்க் ராட் மேல்தான். அதை வீல்கள் நான்கும் எடை தாங்கி நிற்கும்போது, சர்வீஸ் குழியிலோ டிரைவ்-ஆன் ரேம்ப்பிலோ வைத்துக் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கியில் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கி ராடை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் தெரியாது. பிரேக்கில் வரும் நடுக்கத்துக்கு ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷும் காரணமாக இருக்கலாம், பிரேக் டிஸ்க் சமமில்லாமல் தேய்ந்ததும் காரணமாக இருக்கலாம். டிஸ்க்கை அளந்து பார்க்காமல் ஆர்மை மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கடப்பாரை வைத்து நெம்பும்போது புஷ்ஷின் ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்து நிற்பதை உங்கள் கண்ணுக்குக் காட்டச் சொல்லுங்கள்.

ஆர்ம் போயிருந்தால் பால் ஜாயிண்டோடு சேர்ந்த முழு ஆர்ம், கம்பெனி அல்லது அசல் சப்ளையர் பெட்டி, இரண்டு பக்கமும். புஷ்ஷை மட்டும் தனியாக வாங்கிப் பழைய ஆர்மில் அழுத்திப் போடலாம்தான். ஆனால் ஒரு லட்சம் ஓடிய பால் ஜாயிண்டை அப்படியே விட்டுவிட்டுப் புஷ்ஷுக்கு மட்டும் கூலி கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்ட்ரட் கசிந்திருந்தால், அல்லது டயரில் அலைத் தேய்மானம் இருந்தால் மட்டும் மாற்றுங்கள். கம்பெனிக்கு நிகரான வரிசையில் பெயருள்ள ஆஃப்டர்மார்க்கெட் ஜோடி, கம்பெனி மவுண்ட். லிங்க் ராட் வெளியில். சர்வீஸ் சென்டர் பட்டியலும் வெளிப் பட்டியலும் சேர்ந்த கலவையாக இது வரும், செலவும் நடுவில் நிற்கும். வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால் இந்தக் கணக்கே வேறு. அப்போது எதையும் வெளியில் தொடாமல் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் புகார் கொடுங்கள். வெளி பார்ட்டின் வாரண்டி பெரும்பாலும் பார்ட்டுக்கு மட்டும்தான், கழற்றி மாட்டும் கூலிக்குக் கிடையாது என்பதையும் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் மாட்டியபின் வீல் அலைன்மெண்ட் கட்டாயம். ஸ்ட்ரட்டையோ ஆர்மையோ கழற்றினாலே கேம்பரும் (வீலின் சாய்வு) டோவும் (முன்பக்கம் உள்ளே, வெளியே திரும்பிய அளவு) நகர்ந்திருக்கலாம். ஸ்பிரிங் மாற்றி உயரம் கூடியோ குறைந்தோ இருந்தால் ஹெட்லைட் மட்டத்தையும் சரிசெய்யச் சொல்லுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை கொண்டுபோய் ஆர்ம் போல்ட், லிங்க் ராட் நட்டு, மவுண்ட் நட்டு மூன்றையும் டார்க் ரென்ச் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பில்லில் ‘லோயர் ஆர்ம் 2’ என்று மட்டும் எழுதாமல் தயாரிப்பாளர் பெயரையும் பார்ட் நம்பரையும் எழுதி வாங்குங்கள். அடுத்த வருடம் ஒரு பக்கம் மட்டும் ஏதாவது போனால் மறுபக்கத்தில் இருப்பதற்கு ஜோடியாக அதே நம்பரைக் கேட்டு வாங்கலாம்.